சில்லறை பாக்கி: வாசகர் கேள்விகளுக்கு ஒரு பழைய கண்டக்டரின் பதில்கள்

போன மாதம் இந்தப் பக்கத்தில் பேச்சோடு பேச்சாக, "நான் ஏற்காட்டு பஸ்ஸில் டிக்கெட் கிழித்த காலத்தில் அஞ்சு பைசாவுக்கும் மரியாதை இருந்தது" என்று ஒரு வரி எழுதிவிட்டேன். அவ்வளவுதான், கேள்விகள் மூட்டையாக வந்து இறங்கிவிட்டன. எல்லாமே பழைய விலை, பழைய காசு. அதனால் இந்த மாதம் பஸ் கதை குறைவு, காசுக் கதைதான்.

புதிதாகப் படிக்கிறவர்களுக்காக: நான் 1976-இல் கண்டக்டராகச் சேர்ந்தேன். பாதி சர்வீஸுக்கு மேல் சேலம் - ஏற்காடு தடம். 2011 ஜூன் 30 அன்று ஓய்வு. நாலணாவும் அதற்குக் கீழே உள்ள காசுகளும் செல்லாது என்று அரசாங்கம் அறிவித்திருந்ததும் அதே தேதியிலிருந்துதான். இரண்டு பேரும் ஒரே நாளில் வீட்டுக்குப் போனோம். மாலை எனக்கு மட்டும் போட்டார்கள்.

கேள்வி: அந்தக் காலத்தில் ஒரு ரூபாய்க்கு என்னென்ன வாங்கலாம்? சொன்னால் என் பேத்தி நம்பாமல் சிரிக்கிறாள்.
- ஒரு வாசகி, அழகாபுரம்

சிரிக்கட்டும் அம்மா. நான் வேலைக்குச் சேர்ந்த வருஷம் பஸ் ஸ்டாண்டு ஓரத்துக் கடையில் இட்லி 15 பைசா, டீ 25 பைசா. நாலு இட்லி, ஒரு டீ போக 15 பைசா மிச்சம். அதில் வெற்றிலை பாக்கு போட்டுக்கொண்டு வண்டி ஏறலாம். சட்னி இரண்டாம் தடவை கேட்டாலும் ஊற்றுவார்கள். முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் ஊற்றுவார்கள், அது வேறு விஷயம்.

இதைச் சொன்னால் எல்லாரும் உச்சுக் கொட்டுவார்கள். கூடவே இன்னொரு கணக்கையும் பேத்தியிடம் சொல்லுங்கள். அப்போது ஏற்காட்டுக் காபித் தோட்டத்தில் பழம் பறிக்கிற பெண்ணுக்கு நாள் கூலி நாலு ரூபாய், மிஞ்சினால் நாலரை. சேலத்துக்கு பஸ் டிக்கெட் இரண்டு ரூபாய்ச் சொச்சம், ஒரு வழிக்கு. போய் வந்தால் அன்றைய கூலி காலி.

அதனால் மலைக்காரர்கள் நடந்தே இறங்குவார்கள். நாங்கள் இருபது கொண்டை ஊசி வளைவையும் சுற்றிக்கொண்டு வருவோம். அவர்கள் ஒற்றையடிப் பாதையில் நேராக இறங்குவார்கள். பாதை ரோட்டைக் கடக்கிற இடங்களில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வோம். வாழவந்திப் பக்கத்து அம்மா ஒருவர், தலையில் சும்மாடு, அதன் மேல் பலாப்பழம். செருப்பு கையில் இருக்கும். மலைப்பாதையில் போட்டால் தேய்ந்துவிடும், சேலத்துக்குள் நுழையும்போதுதான் காலுக்கு.

ஒரு நாள் நல்ல தூறல். டிரைவர் அண்ணனுக்கு மனசு கேட்கவில்லை, வண்டியை ஓரம் கட்டிவிட்டார். "ஏறும்மா" என்றேன். "காசுக்கு ஏறணுமா, சும்மா ஏறணுமா சாமி?" என்று கேட்டார். எனக்கு வாய் அடைத்துவிட்டது. டிக்கெட் இல்லாமல் ஏற்றினால் அடிவாரத்தில் செக்கிங் பிடித்துவிடும், புது வேலை. "அப்ப நீ போ சாமி" என்று பழத்தை ஒரு தரம் தூக்கி நிமிர்த்தி வைத்துக்கொண்டு பாதையில் இறங்கிவிட்டார். அடிவாரத்தில் அன்றைக்குச் செக்கிங்கே இல்லை.

ரெண்டு ரூபாய் என்று கேட்டால் இன்றைக்குச் சிரிப்பு வரத்தான் செய்யும். அந்த அம்மாவுக்கு அது அரை நாள் இடுப்புவலி.

கேள்வி: எட்டணா என்றால் 50 பைசா, நாலணா என்றால் 25 பைசா. அப்படியானால் ஓரணா எவ்வளவு? யாரைக் கேட்டாலும் மழுப்புகிறார்கள்.
- கல்லூரி மாணவி, ஓமலூர்

மழுப்பத்தான் செய்வார்கள் கண்ணு, ஏனென்றால் அது முழு எண்ணாக வராது. பழைய ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 தம்பிடி. 1957 ஏப்ரல் 1 முதல் ரூபாய்க்கு 100 நயா பைசா என்று மாற்றினார்கள். 100-ஐ 16-ஆல் வகுத்துப் பார். ஆறே கால். கால் பைசாவுக்கு எங்கே போவது? அதனால் ஓரணாவுக்கு 6, இரண்டணாவுக்கு 12, மூன்றணாவுக்கு 19, நாலணாவுக்கு 25 என்று ஒரு பட்டியல் போட்டுக் கொடுத்தார்கள்.

எங்கள் அப்பாவுக்குச் சேலத்தில் குகை என்கிற பேட்டையில் ஒரு சின்ன வெற்றிலைக் கடை. எனக்கு அப்போது நாலு வயசு, அவர் சொல்லித்தான் தெரியும். நாலணாவுக்கு வெற்றிலை ஒரேயடியாக வாங்கினால் 25 நயா பைசா. அதையே ஓரணா ஓரணாவாக நாலு தரம் வாங்கினால் 24. இதைக் கண்டுபிடித்த தறிக்காரர் ஒருவர் தினமும் நாலு தடவை கடைக்கு வந்தாராம். நடக்கிற நடைக்கு ஒரு நயா பைசா லாபம். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. நாலாவது தடவை வெற்றிலைக் கட்டிலிருந்து ஒன்றை உருவிவிட்டுக் கொடுத்தார். 1964-இல் "நயா" போய் வெறும் பைசா ஆயிற்று. அணா மட்டும் வாயை விட்டுப் போகவே இல்லை.

கேள்வி: உங்கள் தோல் பையில் என்னென்ன காசு இருக்கும்? கூட்டத்தில், இருட்டில் எப்படிப் பிரித்து எடுத்தீர்கள்?
- நாணயம் சேகரிக்கும் வாசகர், சூரமங்கலம்

இதை என் பிள்ளைகள்கூட என்னிடம் கேட்டதில்லை. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பைசா குட்டிச் சதுரம். இரண்டு பைசா நெளிநெளி விளிம்பு. மூன்று பைசா ஆறு மூலை. அஞ்சு பைசா பெரிய சதுரம். பத்துப் பைசா பெரிய நெளி. எல்லாம் அலுமினியம், தக்கை மாதிரி. பை நிறைய இருந்தாலும் கனமே தெரியாது, மதிப்பும் அப்படித்தான். நாலணாவும் எட்டணாவும் வட்டம், கையில் விழுந்தால் விழுந்தது தெரியும்.

ஏற்காட்டிலிருந்து இறங்குகிற கடைசி வண்டியில் உள்ளே ஒரு பல்பு எரியும். அதுவும் வளைவில் டிரைவர் கண்ணாடியில் பட்டுக் கூசுகிறது என்று அணைத்துவிடுவோம். மார்கழி மாதம் விரல் மரத்துப் போயிருக்கும். கட்டைவிரலால் விளிம்பை ஒரு தடவு தடவினால் போதும், என்ன காசு என்று விரல் சொல்லிவிடும். குளிரில் இரண்டு பைசாவும் மூன்று பைசாவும் மட்டும் கொஞ்சம் குழப்பும். அப்போது நகத்தால் மூலையைத் தேடுவேன். இந்தக் காசுகளுக்கு வடிவம் போட்டவர் யாரோ தெரியாது, ஆனால் இருட்டில் எண்ணிப் பழகியவர் என்று நினைத்துக்கொள்வேன்.

இருபது பைசா பற்றிக் கட்டாயம் சொல்லணும். 1968 முதல் 1971 வரை அடித்த மஞ்சள் நிறக் காசு, ஒரு பக்கம் தாமரை. அதில் தங்கம் கலந்திருக்கிறது என்று ஒரு வதந்தி. 108 சேர்த்து வைத்து வெள்ளிக்கிழமை பூஜை செய்தால் லட்சுமி தங்குவாள் என்று இன்னொன்று. நான் சேர்ந்த காலத்திலேயே அது அபூர்வம். எப்போதாவது ஒன்று பைக்குள் வந்தால் வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரம்மா துழாவி எடுத்துக்கொண்டு, இரண்டு பத்துப் பைசாவைப் போட்டுவிடுவாள். கணக்கில் சுத்தம். எழுபத்து மூன்று காசு வரை சேர்த்தாள். அதற்குமேல் கிடைக்கவில்லை.

1988-இல் எவர்சில்வர் காசு வந்தது. பத்துப் பைசா, நாலணா, எட்டணா எல்லாமே வட்டம். நாலணாவில் காண்டாமிருகம். என் கட்டைவிரல் பன்னிரண்டு வருஷமாகப் படித்த படிப்பு ஒரே மாதத்தில் வீண். அதற்கு நம்ம ஊரும் உடந்தை. எவர்சில்வர் தகடு செய்கிற சேலம் இரும்பாலை 1981-இல் உற்பத்தியைத் தொடங்கியது. 1993-இல் அங்கேயே நாணயத்துக்கான வில்லை வெட்டுகிற பிரிவையும் சேர்த்தார்கள். அச்சு விழாத வெறும் வட்டம், அவ்வளவுதான். இங்கே வெட்டி, எங்கேயோ போய் அச்சு விழுந்து, திரும்ப என் பைக்கே வந்த காசும் இருந்திருக்கும்.

சில்லறைத் தட்டுப்பாடு எப்போதும் உண்டு. கடைக்காரர் என்றால் மிட்டாய் கொடுத்துச் சமாளிப்பார், நான் மிட்டாய்க்கு எங்கே போவது? டிக்கெட்டின் பின்னால் பாக்கியை எழுதிக் கொடுப்பேன். இறங்கும்போது ஞாபகமாகக் கேட்பவர்கள் பாதி, மறப்பவர்கள் பாதி. ஏற்காட்டில் ஒண்டிக்கடை ஸ்டாப்பில் ஏறுகிற கொய்யாக்காரப் பாட்டி ஒருத்தி இருந்தாள். அவள் கேட்கவும் மாட்டாள், மறக்கவும் மாட்டாள். ஒரு நாள் சுருக்குப் பையை அவிழ்த்து பதினொரு டிக்கெட்டை என் முன்னால் வைத்தாள். மாதக்கணக்கில் சேர்த்த பாக்கி. கூட்டிப் பார்த்தேன், 3 ரூபாய் 15 பைசா. பத்து என் எழுத்து. ஒன்று இல்லை. நான் 5 எழுதினால் தலையில் கோடு போட மாட்டேன், அதில் கோடு இருந்தது. "பாட்டி, இது நான் எழுதினது இல்லை" என்றேன். "எழுதினவன் காக்கிச் சட்டைதானே?" என்றாள். பஸ்ஸே சிரித்தது. 3 ரூபாய் 15 பைசாவையும் எண்ணிக் கொடுத்தேன், அந்த 15 பைசாவைச் சில்லறையாகவே.

கேள்வி: ரூபாய்க்கு மூன்று படி அரிசி கிடைத்தது என்று என் தாத்தா சத்தியம் செய்கிறார். உண்மையா?
- ஒரு வாசகர், கொண்டலாம்பட்டி

கிடைத்தது என்று சொல்ல முடியாது தம்பி, சொன்னார்கள். 1967 தேர்தலில் தி.மு.க. வைத்த வாக்குறுதி: ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம். அரிசிக்கு நாடே அல்லாடிக்கொண்டிருந்த நேரம். அண்ணா முதலமைச்சர் ஆனதும் ரூபாய்க்கு ஒரு படி போடும் திட்டத்தைச் சென்னையிலும் கோவையிலும் தொடங்கினார்கள். எனக்கு 14 வயசு. எங்கள் அம்மா வாசலில் உட்கார்ந்து முறத்தில் கல் பொறுக்கிக்கொண்டே, "மெட்ராஸ்லயும் குடுக்கறாங்க, கோயமுத்தூர்லயும் குடுக்கறாங்க. ரெண்டுக்கும் நடுவுல ரயிலு நம்மூரு வழியாத்தானே போவுது, ஒரு மூட்டைய எறக்கக் கூடாதா?" என்றாள்.

அந்த ஒரு ரூபாய் அரிசி 2008 செப்டம்பரில் ரேஷன் கடைக்கு வந்தது, படிக்கு இல்லை, கிலோவுக்கு. 2011 ஜூன் 1 முதல் அந்த ஒரு ரூபாயும் இல்லை, விலையில்லா அரிசி. எங்கள் அம்மா அதைப் பார்க்க இல்லை.

கேள்வி: அன்றைக்கு நாலு பவுன் வாங்கிப் போட்டிருந்தால் இன்றைக்கு நீங்கள் கோடீஸ்வரர் இல்லையா?
- ஒரு வாசகர், செவ்வாப்பேட்டை

நாலு பவுன் இருந்தால் இன்றைக்கும் கோடீஸ்வரன் ஆக முடியாது. ஆனால் ஆசை புரிகிறது. என் முதல் முழு மாதச் சம்பளம் 342 ரூபாய். பவுன் அப்போது ஏறக்குறைய அதே விலை. அதாவது மாதம் முழுக்கப் பட்டினி கிடந்தால் ஒரு பவுன். தங்கைக்குக் கல்யாணம் முடிக்க வேண்டிய வீடு அது. பவுன் வந்தது, வாசல் வழியாகவே மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்விட்டது. 2020-இலேயே பவுன் நாற்பதாயிரத்தைத் தாண்டியது. அதற்கப்புறம் அது ஓடுகிற ஓட்டத்தை, வெள்ளிப் பட்டறைகள் நிறைந்த செவ்வாப்பேட்டைக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

உங்கள் பேட்டையைச் சொன்னதும் எனக்கு ஞாபகம் வருவது வேறு. 1963-இல் தங்கக் கட்டுப்பாடு வந்தது. 14 காரட்டுக்கு மேல் புது நகை செய்யக் கூடாது என்று உத்தரவு. எங்கள் தெருப் பத்தர் ஒருவர் உலையை அணைத்துவிட்டு ஆறு மாதம் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். அப்புறம் வெள்ளிக் கொலுசுப் பட்டறை ஒன்றில் கூலிக்குப் போனார். மெல்லிய கம்பியைத் தங்கம் மாதிரியே பார்த்துப் பார்த்து வளைப்பார். கால்ல போடறதுக்கு இவ்வளவு நகாசு எதுக்கு என்று பட்டறைக்காரர் கோபித்துக்கொள்வாராம்.

கேள்வி: இந்தக் கார்டின் விலை என்ன தெரியுமா?
- அஞ்சலட்டையில் எழுதிய வாசகர், ஆத்தூர்

தெரியும். 50 பைசா. இருபது வருஷத்துக்கு மேலாக அதே எட்டணா. எட்டணா இன்றைக்கும் சட்டப்படி செல்லுகிற காசு, ஆனால் சேலத்தில் எந்தக் கடையிலாவது நீட்டிப் பாருங்கள். எட்டணா காசு செல்லும், செலவழிக்க முடியாது. எட்டணாவில் வாங்கக் கூடிய பொருள் ஒன்று இருக்கிறது, அது உங்கள் கார்டு. உங்கள் கையெழுத்தும் நன்றாக இருந்தது.

கேள்வி: எதற்கெடுத்தாலும் வரி. வரி இல்லாத காலம் ஒன்று இருந்ததா?
- மளிகைக் கடைக்காரர், லீ பஜார்

வரியே இல்லாத காலம் இல்லை, கடையில் விற்பனை வரி இல்லாத காலம் இருந்தது. அதை முடித்து வைத்ததிலும் நம்ம ஜில்லாவுக்குப் பங்கு உண்டு என்றால் நம்புவீர்களா? ராஜாஜி சேலத்தில் வக்கீலாக இருந்தவர், நகரசபைத் தலைவராகவும் இருந்தவர். அவர் சென்னை மாகாணத்துக்குப் பிரதமர் ஆனதும் (அப்போது முதலமைச்சரை அப்படித்தான் சொல்வார்கள்) மதுவிலக்கை முதன்முதலில் கொண்டுவந்தது சேலம் ஜில்லாவில், 1937 அக்டோபர் 1 அன்று. கள்ளுக்கடை, சாராயக் கடை மூடியதும் கஜானாவில் ஓட்டை. அதை அடைக்க 1939-இல் விற்பனை வரி போட்டார். நாட்டிலேயே முதல் பொது விற்பனை வரி அதுதான். கடை மூடினார்கள், வரி வந்தது. அப்புறம் கடையைத் திறந்தார்கள், வரி போகவில்லை. 2017-இல் பெயரை மாற்றிக்கொண்டு ஜி.எஸ்.டி. ஆகிவிட்டது. உங்கள் கடையில் பில் கேட்டால் நீங்கள் முறைப்பதாக இன்னொரு வாசகர் எழுதியிருக்கிறார், அது வேறு கடையாக இருக்கட்டும்.

கேள்வி: ஏற்காட்டில்தான் காபி விளைகிறது. ஆனால் ஒரு டம்ளர் காபி சேலத்தைவிட அங்கே விலை அதிகம். என்ன நியாயம்?
- குடும்பத்தோடு போய் வந்த வாசகர், சீலநாயக்கன்பட்டி

அங்கே விளைவது காபி இல்லை சார், காபிப் பழம். தோல் உரித்து, காய வைத்து, மூட்டை கட்டி மலை இறங்கி, எங்கெங்கோ போய்ப் பதமாகி, வறுபட்டு, பொடியாகி மறுபடியும் மலை ஏறி உங்கள் டம்ளருக்கு வருகிறது. ஏறும்போது என் வண்டியிலும் ஏறியிருக்கிறது. வாசனையிலேயே எந்த சீட்டுக்கு அடியில் பொட்டலம் இருக்கிறது என்று சொல்லிவிடுவேன், லக்கேஜ் போடாமல் மறைத்து வைத்திருந்தாலும்.

தோட்டக்காரர்களுக்கு அந்தக் காலத்தில் விலை பேசுகிற வேலையே கிடையாது. விளைந்ததைக் காபி போர்டின் பொதுத் தொகுப்பில் போட்டுவிட வேண்டும். போர்டு விற்க விற்கப் பணம் தவணை தவணையாக வரும். அந்த முறை தொண்ணூறுகளில் படிப்படியாக எடுபட்டது. எடுபட்ட நேரம் பாருங்கள், 1994-இல் பிரேசிலில் உறைபனி விழுந்து அங்கே செடியெல்லாம் கருகிவிட்டது. உலகமெங்கும் விலை எகிறியது. எங்கேயோ ஒரு தேசத்தில் பனி விழுந்ததற்கு மஞ்சக்குட்டை மேஸ்திரி ஒருவர் கலர் டி.வி. வாங்கினார். அட்டைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு இருபது வளைவும் வந்தார். லக்கேஜ் டிக்கெட் போடணும் என்றேன். "மடியில வெச்சா கொழந்தைக் கணக்குதானே?" என்றார். போட்டேன், விடவில்லை.

2001 வாக்கில் அதே விலை தரையைத் தொட்டது. பறிக்கிற கூலிக்குக்கூடக் கட்டுப்படியாகாது என்று பழத்தைச் செடியிலேயே விட்ட தோட்டத்தைப் பஸ்ஸிலிருந்தே பார்த்தேன். அப்போது ஏற்காட்டுக் கடைகளில் டம்ளருக்கு நாலணா குறைத்தார்களா என்றால், இல்லை. நீங்கள் கொடுக்கிற காசில் பாதி ஜன்னலுக்கு வெளியே தெரிகிற மேகத்துக்கு.

கேள்வி: பெரியவர்கள் எல்லாரும் அந்தக் காலம் பொற்காலம் என்கிறார்கள். சம்பளமும்தானே ஏறியிருக்கிறது? கணக்காகச் சொல்லுங்கள்.
- ஓசூரில் வேலை பார்க்கும் சேலத்து இளைஞர்

கணக்காகவே சொல்கிறேன் தம்பி. சொத்து விற்பவர்களுக்காக வருமான வரித் துறை விலைவாசிக் குறியீடு ஒன்று வெளியிடுகிறது. 1981-82 விலையை 100 என்று வைத்தால் 2001-02-இல் 426. அப்புறம் அந்த 2001-02-ஐயே மறுபடி 100 ஆக்கிவிட்டார்கள், 2024-25-இல் அது 363. இரண்டையும் சேர்த்துப் பெருக்கினால் பதினைந்தரை மடங்கு வரும்.

இனி என் நோட்டுப் புத்தகம். 1981-இல் டீ 40 பைசா. இப்போது எங்கள் தெரு முனையில் 15 ரூபாய். 37 மடங்குக்கு மேல். அதே வருஷம் நான் வாங்கின சைக்கிள் 450 ரூபாய், பதினைந்து மடங்கு போட்டால் 6,750. போன மாதம் பேரனுக்குச் சாதா சைக்கிள் கேட்டேன், கிட்டத்தட்ட அந்த விலைதான் சொன்னார்கள். சர்க்கார் கணக்கு சைக்கிளுக்குப் பொருந்துகிறது, டீக்குப் பொருந்தவில்லை. கைக்கடிகாரம் இரண்டுக்கும் பொருந்தாது. அப்போது எச்.எம்.டி. வாங்க அரை மாதச் சம்பளம் வேண்டும், கட்டிக்கொண்டு போனால் தெருவே மணி கேட்கும். இன்று பழைய பஸ் ஸ்டாண்டு பிளாட்பாரத்தில் 200 ரூபாய்க்குக் கடிகாரம் கொட்டிக் கிடக்கிறது. மணி கேட்கத்தான் ஆள் இல்லை.

வீட்டு வாடகை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி. இந்த மூன்றையும் நான் எந்தக் கணக்கிலும் அடக்க முடியவில்லை. குகையில் 40 ரூபாய் வாடகைக்கு ஓர் அறையும் தாழ்வாரமும். இரண்டு பிள்ளைகளும் முனிசிபல் பள்ளிக்கூடத்தில் படித்தார்கள், புத்தகத்துக்கு மட்டும் செலவு. ஆஸ்பத்திரிக்கு நாங்கள் போகவே இல்லை. ஆரோக்கியம் என்று நினைத்துவிடாதே, போக வழி இல்லை. என் இரண்டாவது தம்பி மூன்று நாள் காய்ச்சலில் போனான். அப்போது கம்பவுண்டர் கொடுத்த மருந்து எட்டணா. மலிவுதான்.

கேள்வி: தட்டுவடை செட் நீங்கள் முதலில் சாப்பிட்டபோது என்ன விலை?
- ஒரு வாசகி, அம்மாப்பேட்டை

நாலணாவுக்கு மூன்று செட். இரண்டு தட்டுவடை, நடுவில் பீட்ரூட், கேரட், வெங்காயத் துருவல், பச்சைச் சட்னி ஒரு பக்கம், சிவப்புச் சட்னி ஒரு பக்கம். அப்போதும் இப்போதும் அதேதான். ஆனால் ஒன்று கவனித்திருக்கிறீர்களா? வெங்காயம் விலை ஏறினால் வண்டிக்காரர் செட்டின் விலையை ஏற்ற மாட்டார். உள்ளே வெங்காயம் இளைக்கும், பீட்ரூட் கொழுக்கும். கடித்ததும் வாய் எவ்வளவு சிவக்கிறது என்பதை வைத்தே அன்றைய வெங்காய விலையைச் சொல்லலாம். அஞ்சு ரூபாய் பிஸ்கட் பாக்கெட்டும் இதே வித்தையைத்தான் செய்கிறது, அங்கே சிவக்க மட்டும் எதுவும் இல்லை.

கேள்வி: 1984-இல் நாகலூர் போகும் வண்டியில் நீங்கள் எனக்கு 65 பைசா பாக்கி வைத்தீர்கள். வட்டியோடு எப்போது தருவதாக உத்தேசம்?
- ஒரு வாசகர், நாகலூர்

டிக்கெட்டின் பின்பக்கத்தை போட்டோ எடுத்து அனுப்புங்கள். 5-க்குத் தலையில் கோடு இருந்தால் அது நான் இல்லை, வேறு காக்கிச் சட்டை. என் எழுத்தாக இருந்தால் கொடுத்துவிடுகிறேன். 1984-க்குப் பதினைந்து மடங்கு வராது, இருந்தாலும் போகட்டும், பதினைந்து என்றே வைத்துக்கொள்வோம். 9 ரூபாய் 75 பைசா ஆகிறது. பத்து ரூபாய்க் காசாகத் தருகிறேன். நீங்கள் வரும்போது நாலணா சில்லறை எடுத்து வாருங்கள்.